லேண்ட்சாட்டும் சென்டினலும் ஒரே கட்டத்துக்கு வந்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரியில் எங்கள் குழுவின் திரையில் ஒரு கோடு சரிந்தது. பயிரின் பசுமையைக் காட்டும் என்டிவிஐ கோடு அது. ஜனவரி மூன்றாம் வாரம் வரை 0.8ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதற்கடுத்த படத்தில் 0.53க்கு விழுந்திருந்தது. வறட்சி என்றார் ஒருவர், பூச்சி என்றார் இன்னொருவர். அறிக்கைக்கு எச்சரிக்கை வாசகம்கூட எழுத ஆரம்பித்துவிட்டோம். பக்கத்து இருக்கைத் தம்பி மட்டும் வயலை விட்டுவிட்டு, அதே படத்தில் இருந்த ஏரியைச் சொடுக்கிப் பார்த்தார். "அண்ணே, ஏரியும் சேர்ந்து மாறியிருக்கு. தண்ணி எப்படிண்ணே ஒரே ராத்திரில வெளுக்கும்?"

வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை, செயற்கைக்கோளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபைலுக்குள் இருந்த எண்ணின் பொருள்தான் மாறியிருந்தது. சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறையை ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசா 2022 ஜனவரி 25 அன்று மாற்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டிச் சேமிக்கப்பட்டது. அறிவிப்பு வந்திருந்தது, படத்தோடு வரும் விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவிலும் எழுதியிருந்தது. எங்கள் நிரல் அந்த வரியைப் படிக்கவில்லை.

நாடுகளுக்கு இடையே புவிநோக்குத் தரவைப் பகிர்வது பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இணையதளங்கள், ஒப்பந்தங்கள், ஃபைல் வடிவங்கள் என்றே பேச்சு போகிறது. அவை எல்லாம் சரியாக இருந்த நாளில்தான் எங்கள் கோடு விழுந்தது. ஆகவே இந்த ஆய்வில் அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல்-2 என்ற இரண்டு செயற்கைக்கோள் திட்டங்களையும் எடுத்துக்கொண்டு, ஒன்றின் படத்தை மற்றொன்றின் மேல் அப்படியே வைத்துப் படிக்கலாம் என்ற நிலை எப்படி வந்தது, அதற்கு யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்கிறேன். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: தரவு ஓடுவதற்குக் குழாய் போடுவது எளிய பாதி. எண்ணுக்கு என்ன பொருள் என்பதில் ஒத்துப்போவதும், அதற்காகத் தன் பழைய காப்பகத்தையே திருத்தி எழுதத் துணிவதும்தான் கடினமான பாதி.

டேப்பில் தூங்கிய உலகம்

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அது எடுத்த படங்களை அமெரிக்கா மட்டும் வாங்கவில்லை. கனடா, பிரேசில், இத்தாலி, இந்தியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகள் சொந்தத் தரைநிலையம் அமைத்து, கட்டணம் கட்டி, தங்கள் தலைக்கு மேல் போகும்போது நேரடியாகப் பிடித்துக்கொண்டன. பிடித்ததைத் தங்கள் டேப்பில், தங்கள் வடிவத்தில், தங்கள் பெயரிடும் முறையில் வைத்துக்கொண்டன. அப்போது அதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 கிட்டத்தட்ட 29 ஆண்டுகள் உழைத்தது. ஆனால் வேறொரு செயற்கைக்கோள் வழியாகப் படங்களை அமெரிக்காவுக்கு அஞ்சல் செய்யும் அதன் கருவி 1992இல் பழுதானது. அதற்குப் பின் ஓர் இடத்தின் படம் மிஞ்ச வேண்டுமானால், அந்த நேரத்தில் அந்த வட்டாரத் தரைநிலையம் ஆண்டெனாவைத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான். காடு எப்போது அழிந்தது, நதி எப்போது திசை மாறியது என்ற கேள்விகளுக்கான சாட்சி, பத்துப் பதினைந்து நாடுகளின் அலமாரிகளில் சிதறிக் கிடந்தது என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது. காந்த நாடா காத்திருக்காது. அதைப் படிக்கும் இயந்திரமும் காத்திருக்காது.

திருப்பம் 2008இல் வந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ் தன் லேண்ட்சாட் காப்பகம் முழுவதையும் இலவசமாகத் திறந்தது. அதற்கு முன் லேண்ட்சாட் 7 படம் ஒன்று 600 டாலர். விற்பனை மிக நன்றாக இருந்த ஆண்டில்கூட 25,000 படங்கள் அளவில்தான் போயின. திறந்த பின் ஓராண்டுக்குள் 10 லட்சத்தைத் தாண்டியது. இலவசம் என்றதும் எல்லோரும் அள்ளினார்கள் என்று இதைப் படிப்பது போதாது. நாற்பது படங்களை அடுக்கி ஒரே பிக்சலின் வரலாற்றைப் பார்க்கும் வேலை, ஒரு படத்துக்கு 600 டாலர் கொடுக்கும் காலத்தில் யாருடைய கற்பனைக்கும் எட்டியிருக்காது. விலை போனதும் கேள்வியே மாறியது.

கேள்வி மாறியதும் காப்பகத்தில் இருந்த ஓட்டைகள் கண்ணை உறுத்தின. 2010இல் யுஎஸ்ஜிஎஸ் உலகளாவிய லேண்ட்சாட் காப்பக ஒருங்கிணைப்பு என்ற வேலையைத் தொடங்கி, வெளிநாட்டு நிலையங்களில் இருந்த டேப்புகளைக் கேட்டு வாங்கி, தெற்கு டகோட்டாவில் உள்ள தன் மையத்தில் ஒரே முறையில் மறுபடி பதப்படுத்தியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இப்படி வந்து சேர்ந்தன. இந்த வேலைக்கு விழா எடுத்தவர்கள் குறைவு. தரவுப் பகிர்வில் மனித உழைப்பு எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

தரகர் வழி

இதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 2003இல் வாஷிங்டனில் நடந்த புவிநோக்கு உச்சிமாநாட்டைத் தொடர்ந்து, 2005இல் ஜியோ என்ற அரசுகளின் கூட்டமைப்பு உருவானது. அதன் செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது. எல்லா நாடுகளின் அமைப்புகளையும் இணைத்து ஜியாஸ் என்ற 'அமைப்புகளின் அமைப்பை' பத்தாண்டுகளில் கட்டுவது திட்டம். முழுமையாக, திறந்த முறையில், குறைந்த தாமதத்தில், குறைந்த செலவில் பகிர வேண்டும் என்பதே அதன் தரவுக் கொள்கையின் சாரம்.

கட்டத் தொடங்கியபோதுதான், யாரும் தங்கள் அமைப்பை மாற்றத் தயாராக இல்லை என்பது புரிந்தது. வானிலைத் துறைக்குத் தன் வடிவம், கடலியலுக்குத் தன் வடிவம், நிலப்படத் துறைக்குத் தன் நெறிமுறை. எல்லோரும் ஒரே நெறிக்கு வரட்டும் என்று காத்திருந்தால் பத்தாண்டும் காத்திருப்பிலேயே போயிருக்கும். ஆகவே இத்தாலியின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒரு தரகர் மென்பொருள் உருவானது. பயனர் ஒரு மொழியில் கேட்பார். தரகர் அதை ஒவ்வொரு களஞ்சியத்தின் மொழிக்கும் மாற்றிக் கேட்டு, பதில்களைத் திரட்டி, ஒரே பட்டியலாகத் தருவார். தரவு கொடுப்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இதைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. தன் அமைப்பைத் திருத்த ஆளும் பணமும் இல்லாத சிறு நிறுவனத்தின் தரவையும் உலகத் தேடலுக்குள் கொண்டுவந்தது இந்த வழிதான். ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தரகரால் கண்டுபிடித்துத் தர முடியும், பொருத்தித் தர முடியாது. இரண்டு படங்கள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன என்று பட்டியல் சொல்லும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வயல் வரப்பு ஒட்டுமா என்பது அதற்குத் தெரியாது.

ஆர்கோ மிதவைகள் இதற்கு நேர்மாறான உதாரணம். கடலுக்குள் மூழ்கி எழுந்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் சுமார் 4,000 கருவிகள் அவை, சுமார் 30 நாடுகளுடையவை. அங்கே ஒரே ஃபைல் வடிவம், ஒரே தரக்குறி அட்டவணை: 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. எந்த நாட்டு மிதவையானாலும் 4 என்றால் 4தான். அளவு விஷயத்தில் ஆர்கோ சிறியது, அதனால் அது முடிந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாகப் பிறந்ததால் முடிந்தது. அவர்களிடம் திருத்த வேண்டிய பழைய காப்பகம் இல்லை.

38 மீட்டர்

சென்டினல்-2இன் முதல் செயற்கைக்கோள் 2015 ஜூன் 23 அன்று போனது, இரண்டாவது 2017 மார்ச்சில். லேண்ட்சாட் 8 ஒரே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறை வரும். சென்டினல் இணை 5 நாளுக்கு ஒருமுறை. சேர்த்துப் பயன்படுத்தினால் மேகத்துக்கு நடுவே நிலம் தெரியும் வாய்ப்பு பலமடங்கு கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இலேயே இலவசத் திறந்த தரவுக் கொள்கையை எடுத்திருந்தது. 2015 அக்டோபரில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஆணையமும் ஒத்துழைப்பு ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. சட்டத்தில் சிக்கல் இல்லை, விலையில் சிக்கல் இல்லை. ஆனால் படங்கள் ஒட்டவில்லை.

லேண்ட்சாட் தன் படங்களை உலக நிலக் கணிப்பு என்ற பழைய மூலப்படங்களின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு (இடம் குறித்துவைத்த அடையாளப் புள்ளிகள்) ஒப்பிட்டுப் பொருத்திவந்தது. அந்த மூலத்திலேயே இடப்பிழை இருந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு செயற்கைக்கோள்களின் படங்களுக்கு நடுவே 38 மீட்டர் வரை விலகல் எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டது. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டர், சென்டினலின் நுண்ணிய பிக்சல் 10 மீட்டர். 60 மீட்டர் அகல வயல் ஒன்றில் 38 மீட்டர் நகர்ந்தால் பாதிக்கு மேல் பக்கத்து நிலத்தைப் பார்க்கிறோம். திங்கட்கிழமை பயிர், வியாழக்கிழமை சாலை. கணினி அதை அறுவடை என்று எழுதிவிடும்.

இந்த விலகல் இடத்துக்கு இடம் மாறும், ஒரே இடத்தில் பெரும்பாலும் மாறாது. அதனால் அவரவர் தங்கள் பகுதிக்கு ஒரு திருத்தம் கண்டுபிடித்துச் சமாளித்தார்கள். ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு ரகசியத் திருத்தக் கோப்பு! பகிர்வு அமைப்பு ஒன்று தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

ஈசா தரப்பில், தேர்ந்தெடுத்த மேகமற்ற சென்டினல்-2 படங்களைக் கொண்டு உலகளாவிய குறிப்புப் படம் ஒன்றைத் தயாரித்தார்கள். இடத் துல்லியத்தில் அது லேண்ட்சாட்டின் மூலத்தைவிட மேம்பட்டது. அப்போது யுஎஸ்ஜிஎஸ் எடுத்த முடிவைத்தான் இந்த நிகழ்வின் மையமாக நான் கருதுகிறேன். 1972 முதல் உலகுக்கே அளவுகோலாக இருந்த திட்டம், தன் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை அடுத்தவர் படத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தியது. திருத்தியதோடு நிற்கவில்லை, முதல் லேண்ட்சாட் தொடங்கி மொத்தக் காப்பகத்தையும் மறுபடி பதப்படுத்தி 2020 டிசம்பரில் இரண்டாம் தொகுப்பாக வெளியிட்டது. 2018இல் முடியும் என்று எதிர்பார்த்த வேலை அது. தாமதம் ஆனது என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அரை பிக்சல், எதிர்மறை வடக்கு

இடம் சரியான பிறகும் கட்டம் சரியாகவில்லை. இரண்டு தரப்பும் உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் என்ற ஒரே ஆயமுறையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் லேண்ட்சாட்டில் ஆயத் தொடக்கம் பிக்சலின் நடுவில் விழுகிறது, சென்டினலில் பிக்சலின் மூலையில். இரண்டையும் 30 மீட்டருக்குக் கொண்டுவந்தாலும் கிழக்கு மேற்காக 15, வடக்கு தெற்காக 15 மீட்டர் தள்ளி நிற்கும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் சென்டினல் தெற்கு மண்டலத்துக்கு மாறி, வடக்கு அளவோடு ஒரு கோடி மீட்டர் கூட்டிக்கொள்கிறது. லேண்ட்சாட் வடக்கு மண்டலத்திலேயே தொடர்ந்து எதிர்மறை எண்களைத் தருகிறது. இரண்டும் நெறிமுறைப்படி செல்லும். இரண்டையும் கேட்காமல் கலந்தால் நிலம் கடலில் போய் விழும்.

நாசாவின் எச்எல்எஸ் என்ற ஒத்திசைவுத் தயாரிப்பு இந்தச் சில்லறைச் சிக்கல்களை எல்லாம் ஒரே இடத்தில் தீர்த்துவைக்கிறது. சென்டினலின் கட்டத்தை அடிப்படையாக எடுத்து, லேண்ட்சாட்டையும் அதிலேயே பொருத்தி, 109.8 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத் துண்டுகளாக (டைல்), 3,660க்கு 3,660 பிக்சல்களாகத் தருகிறது. இங்கேயும் அமெரிக்கத் தரப்பு ஐரோப்பியக் கட்டத்தை ஏற்றது. நிற அளவில் தலைகீழ்: சென்டினலின் பேண்டுகளை, அதாவது அலைநீளப் பட்டைகளை, லேண்ட்சாட்டின் பேண்டுகளுக்கு இணையாகச் சரிசெய்தார்கள். சென்டினலில் இரண்டு அண்மை அகச்சிவப்பு பேண்டுகள் உண்டு. 10 மீட்டர் நுணுக்கம் உள்ளது அகலமானது. குறுகலான மற்றொன்றுதான் லேண்ட்சாட்டின் அகச்சிவப்போடு ஒத்துப்போகிறது. பார்வைக் கோணத்தால் வரும் வெளிச்ச வேறுபாட்டையும், காற்றுமண்டலத் திருத்தத்தையும் இரண்டுக்கும் ஒரே முறையில் செய்கிறார்கள். யார் அளவுகோல் என்பதை நாடு பார்த்து முடிவு செய்யவில்லை. எது நன்றாக இருந்ததோ அது நின்றது.

இந்த எண்களை நம்புவதற்குப் பின்னால் தரையில் நிற்கும் கருவிகளும் உண்டு. நெவாடாவின் வறண்ட ஏரிப் படுகை, பிரான்சின் லா க்ரோ சமவெளி, நமீபியாவின் கோபாபெப், சீனாவின் பாவ்தோ ஆகிய இடங்களில் உள்ள அளவீட்டுக் களங்கள் தங்கள் அளவுகளை ராட்கால்நெட் என்ற வலையமைப்பு வழியாக வெளியிடுகின்றன. மேலே பறப்பது எந்த நாட்டுடையதாக இருந்தாலும் கீழே ஒப்பிட்டுப் பார்க்க அதே மண்தான்.

அந்த 1000

திரும்பவும் எங்கள் ஏரிக்கு வருகிறேன். சென்டினலில் பிரதிபலிப்பை 10,000ஆல் பெருக்கி முழு எண்ணாகச் சேமிக்கிறார்கள். அந்த எண் எதிர்மறையாக இருக்க முடியாது. ஆனால் இருண்ட நீரிலும் நிழலிலும் காற்றுமண்டலத் திருத்தம் முடிந்ததும் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். அதை வெட்டி எறியாமல் காப்பாற்ற எல்லாவற்றோடும் 1000 கூட்டினார்கள். அறிவியல்படி நல்ல முடிவு. படிப்பவர் 1000 கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

எங்கள் வயலில் சிவப்பு 400, அகச்சிவப்பு 3600. வித்தியாசம் 3200, கூட்டுத்தொகை 4000, முன்னதைப் பின்னதால் வகுத்தால் என்டிவிஐ 0.8. ஆயிரம் சேர்ந்ததும் 1400, 4600. வித்தியாசம் அதே 3200, கூட்டுத்தொகை 6000. 0.53. வறட்சி அங்கேதான் பிறந்தது.

சரி, கழித்துவிடலாம் என்று நிரலைத் திருத்தினோம். மறுநாள் சில படங்களில் என்டிவிஐ 1.6 வந்தது. அந்தக் கணக்கில் 1க்கு மேல் வரவே கூடாது. தேடிப் பார்த்தால், எங்கள் படங்களில் ஒரு பகுதி வேறொரு பிரதிக் களஞ்சியத்திலிருந்து வந்தவை. பயனருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அங்கே முன்பே கழித்துவைத்திருந்தார்கள், மெட்டாடேட்டாவில் மட்டும் 'கழிக்கவும்' என்ற பழைய வரி அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டாம் முறை கழித்தோம். சிவப்பு மைனஸ் 600 ஆனது.

இந்தக் களஞ்சியங்கள் இன்று பெரும்பாலும் ஸ்டாக் என்ற அட்டவணை நெறியில் பேசுகின்றன. 2017இல் தொடங்கி 2021இல் 1.0 பதிப்பை எட்டிய நெறி அது. ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடம், எந்த நேரம், எந்த ஃபைல் என்று ஒரு சிறு குறிப்பு. படமும் மேகக் கணிமைக்கு ஏற்ற ஜியோடிஃப் வடிவில் இருப்பதால், ஒரு வயலுக்காகப் பல நூறு மெகாபைட் இறக்க வேண்டாம். ஃபைலின் தலைப்பகுதியைப் படித்து, வேண்டிய துண்டை மட்டும் கேட்டு வாங்கலாம். பத்தாண்டுக்கு முன் இரவெல்லாம் டவுன்லோடுக்குக் காத்திருந்தவன் என்ற முறையில் இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எங்கள் பிழை அந்தச் சீரான நெறியின் வழியாகத்தான் சீராக வந்து சேர்ந்தது. திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டதா என்று தனியே ஒரு புலம் சேர்த்தபின்தான் சில களஞ்சியங்களில் குழப்பம் தீர்ந்தது. ஈசாவும் 2022க்கு முந்தைய படங்களைப் புதிய முறையில் மறுபடி பதப்படுத்தும் வேலையை எடுத்துக்கொண்டது. மறுபடியும் அதே பாடுதான், காப்பகத்தைத் திருத்தி எழுதுவது.

இன்னும் ஒட்டாதவை

மேக சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பு அட்டவணையிலும் ஒரே பெயரில் புலம் இருக்கிறது, 20க்குக் கீழே என்று வடிகட்டுகிறோம். ஆனால் மேகத்தைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் வேறு, மெல்லிய மேகத்தை ஒன்று பிடிக்கும், மற்றொன்று விடும். லேண்ட்சாட்டில் முழுப் படத்துக்கு ஒரு சதவீதம், நிலப்பகுதிக்கு மட்டும் இன்னொரு சதவீதம் உண்டு. கடலோரத்தில் இரண்டும் வெகுவாக வேறுபடும். சென்டினலின் சதவீதம் டைலுக்கானது, லேண்ட்சாட்டின் சதவீதம் 185 கிலோமீட்டர் அகலப் படத்துக்கானது. எண் ஒன்று, கேள்வி வேறு. இதற்குப் பொது ஏற்பாடு வரும்வரை நாங்கள் மேக சதவீதத்தை வைத்து எந்தப் படத்தையும் தள்ளுவதில்லை. எந்தப் பிக்சல் மேகம் என்று குறிக்கும் மேக முகமூடியைப் படித்தே முடிவு செய்கிறோம். செலவு கூடத்தான் செய்கிறது.

ஏரிச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வேலைமுறையில் ஒன்று மாறியது. புதிய மூலம் எதைச் சேர்த்தாலும், பழைய மூலத்தில் பதிப்பு எண் மாறினாலும், வயலைத் தொடுவதற்கு முன் ஓர் ஆழமான ஏரி, ஒரு பாலைவனம் இரண்டின் கோடுகளையும் வரைந்து பார்க்கிறோம். 2025 ஜனவரியில் சென்டினல்-2ஏ இருந்த இடத்துக்கு 2சி வந்தபோதும் அதைத்தான் முதலில் செய்தோம். தம்பிதான் வரைந்தார். பாலைவனக் கோட்டில் மாற்றம் நடந்த தேதியை விரலால் தேடினோம், கண்ணுக்குத் தெரியும் தாவல் எதுவும் இல்லை. அதன் பிறகே வயல்களின் கோப்பைத் திறந்தோம்.